சரிவு உட்கூரையின் வெப்பக்காப்பும் காற்றோட்டமும்

1. வரையறை

வட அமெரிக்கக் குளிர்ப் பகுதிகளின் மரவீடுகளில், கிடையான உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் நடுவே பரண்வெளி இருப்பது வழக்கம். அவ்வெளியை விடுத்து, கைமரங்களின் அடிப்புறத்திலேயே பலகை அறைந்து அமைப்பதைச் சரிவு உட்கூரை என்போம். அடுத்தடுத்த இரு கைமரங்களுக்கு இடைப்பட்ட நீள்குழி கைமரக்கண் எனப்படும். பரண்வெளி தாங்கிய பணி அனைத்தும் இனி இக்குறுகிய கண்ணின் தலையில் விழுகிறது.

2. ஈரம் ஏறும் வழிகள்

வழிகள் இரண்டு. நீராவி ஜிப்சம் பலகையினூடே மெல்லப் பரவுவது ஊடுபரவல். விளக்குக்குழி, மின்கம்பித் துளை, பலகை மூட்டு வழியாக அறைக்காற்றே மேலேறுவது காற்றுக்கசிவு. பெருங்கேடு பெரும்பாலும் பின்னதால்தான். காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. 21 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் உடைய காற்றுக்கு அது ஏறக்குறைய 7 டிகிரி. கடுங்குளிரில் கூரைப்பலகையோ உறைநிலைக்கும் கீழே கிடக்கும். ஆவி அதில் உறைபனியாகப் படிந்து, வெயில் கண்டதும் உருகிச் சொட்டும். மழைநீர் ஒழுகுவதாக எண்ணிக் கூரைவேய்வை மாற்றிச் செலவழிப்போரும் உண்டு.

புதுப்பிப்பின்போது பழைய உட்கூரையைப் பிரித்தால், கண்ணாடியிழைப் பஞ்சில் கறுத்த தடங்கள் தென்படலாம். அவை எல்லாமே பூஞ்சை அல்ல. கசிந்த காற்றிலிருந்து பஞ்சு வடித்துக்கொண்ட தூசியாகவும் இருக்கலாம். அத்தடத்தை ஒட்டியே ஓட்டையைத் தேட வேண்டும்.

3. காற்றோட்டக் கூரை

இதில் இறவாணத்தில் புகும் வெளிக்காற்று, பஞ்சுக்கும் கூரைப்பலகைக்கும் இடையே ஏறி, முகட்டில் வெளியேறும். இவ்விடைவெளி அமெரிக்க மாதிரி விதிப்படி குறைந்தது 1 அங்குலம், அதாவது 25 மி.மீ.; கனடாவின் தேசிய விதிப்படி 63 மி.மீ.

இடர் ஆழத்தில்தான். 2×6 எனப்படும் கைமரத்தின் மெய்யான ஆழம் 140 மி.மீ. அதில் 25 போக எஞ்சும் 115 மி.மீ. பஞ்சு ஏறக்குறைய ஆர்-15 வெப்பத்தடையே தரும். கடுங்குளிர்ப் பகுதிகளில் ஆர்-49 அளவுக்கு விதிகள் கேட்கின்றன. கைமரத்தின் அடியில் சட்டம் சேர்த்து ஆழத்தைக் கூட்டலாம். அறையின் உயரம் அதற்கேற்பக் குறையும். கூரைச்சாளரம் குறுக்கிடும் கண்ணிலும், இரு சரிவுகள் கூடும் மடிப்பிலும் காற்றுவழி அறுபட்டுப்போகும். அங்கே இம்முறை பெயரளவுக்கே நிற்கும்.

4. காற்றோட்டமற்ற கூரை

மூடிய நுண்ணறை நுரையைக் கூரைப்பலகையின் அடியில் நேரே தெளிப்பது ஒரு வகை. பலகையின் மேல் கெட்டிநுரைத் தகடு பரப்பி அதன்மேல் வேய்வது மற்றொன்று. உள்ளிருந்து ஏறும் ஆவி தொடும் பரப்பைப் பனிநிலைக்குக் கீழே இறங்கவிடாமல் வைப்பதே இரண்டின் நோக்கமும். ஆகவே குளிரின் கடுமைக்கு ஏற்ப, மொத்தக் காப்பில் நுரையின் பங்கு மிக வேண்டும். வேய்வை எப்படியும் மாற்றவேண்டிய வீட்டுக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பது எம் துணிபு.

5. செய்முறை வரிசை

எவ்வகையாயினும் கசிவடைப்பே முதற்பணி. அதன் பின்னரே காப்பும் காற்றுவழியும். ஓட்டைகள் அடைபடாத உட்கூரைக்கு முகட்டுத்திறப்பை மட்டும் பெருக்கினால், அது அறைக்காற்றையும் சேர்த்து மேலிழுக்கக்கூடும். குழிவிளக்குகள் இருப்பின் அவற்றைக் கழற்றித் துளைகளை மூடிவிட்டு, பலகையின் மேற்பரப்பில் பொருத்தும் விளக்குகளை அமைத்துக்கொள்க.