ஆய்வாளர் கூட்டுறவு: மடலிலிருந்து மின்வலை வரை

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசம், தவநிலை, தீமிதிப்பு என நிகழும் பாரதச் சடங்கினை ஆராய முற்படும் ஒருவர், கல்முனைப் பிரதேச எல்லைக்குள் மட்டும் நின்று அதனை முற்றாக விளக்கிவிட முடியாது. தமிழகத்துச் செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாடு குறித்து அமெரிக்க அறிஞர் அல்ப் ஹில்ற்பைற்றல் 1988இல் வெளியிட்ட ஆய்வும் அவருக்கு வேண்டும். ஆராய்ச்சி இயல்பாகவே ஒரு கூட்டுமுயற்சி; அக்கூட்டுறவு எவ்வடிவில், யாருடைய ஆளுகையில் நிகழ்கின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது.

தமிழியலில் இக்கூட்டுறவுக்கு நிறுவன வடிவம் தந்தவர் ஈழத்தவரான தனிநாயகம் அடிகள். 1952இல் அவர் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழ் பல நாட்டு அறிஞரை ஒன்றிணைத்தது. 1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்தோர் கூடி அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. நான்காவது 1974இல் யாழ்ப்பாணத்தில் கூடியது. மடலும் இதழும் மாநாடுமே அக்கால ஆய்வாளரின் வலையமைப்பாகும்.

மின்வலையும் இதே தேவையின் விளைவே. 1989இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் ரிம் பேணர்ஸ்-லீ உலகளாவிய வலையை முன்மொழிந்தது, பல நாட்டு விஞ்ஞானிகள் தகவலைப் பகிரும் பொருட்டேயாகும். 1991இல் இயற்பியலாளர் போல் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ், அச்சேறுமுன்னரே கட்டுரைகளை அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இலங்கையிலும் 1990களில் லேர்ண் எனும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புப் பல்கலைக்கழகங்களை இணைக்கத் தொடங்கியது.

ஆயின், தொடர்பு பெருகியதனால் மட்டும் அறிவு பொதுவுடைமை ஆகிவிடவில்லை. 2008இல் தோன்றிய றிசேர்ச்கேற் ஆய்வாளர் ஒருவரையொருவர் கண்டறியவும் கட்டுரை பகிரவும் துணைபுரியினும், அது ஒரு தனியார் நிறுவனமே. அதில் பகிரப்பட்ட கட்டுரைகளின் பதிப்புரிமை தொடர்பாக 2017இல் பெரும் பதிப்பகங்கள் அதன்மீது வழக்குத் தொடுத்தன. எழுதியவரின் உழைப்பு எழுதியவருக்கே உரியதாக இல்லை என்பதை அவ்வழக்கு வெளிப்படுத்திற்று.

இதற்கு மாற்றான மரபொன்றும் தமிழரிடையே உருவாகியுள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்த 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் தன்னார்வலரின் கூட்டுழைப்பால் வளர்ந்தவை. அவற்றைப் படிப்பதற்குக் கட்டணமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரியக்கண்ட சமூகத்திற்கு, ஒரு நூல் பல இடங்களில் பேணப்படுவதன் பொருள் விளக்க வேண்டாததொன்று.

பாண்டிருப்பின் சடங்கு உலக ஆய்வேடுகளில் தரவாக இடம்பெறுவது மட்டும் போதாது. அவ்வாய்வின் முடிவு தமிழில் ஊருக்குத் திரும்பி, தீமிதிப்போரும் அதனை மறுத்தோ திருத்தியோ பேசும் நிலை தோன்றும்போதே ஆய்வாளர் கூட்டுறவு முழுமை பெறும்.