மாறுபாடும் பகைமையும்: விருதுநகர் மண் தரும் பாடம்

கருத்து மாறுபாடு மக்களாட்சியின் உயிர். பகைமை அதன் நோய். மாறுபாடு எந்த இடத்தில் பகைமையாகத் திரிகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் நாடுகள் பலவற்றை வருத்திய வினா. அதற்கு விடை தேடுவோர் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. வணிகத்தால் வளர்ந்த விருதுநகரும், தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களால் பெயர்பெற்ற சிவகாசியும் அவ்விடையின் பெரும்பகுதியைத் தம் வரலாற்றிலேயே வைத்திருக்கின்றன.

1899-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் சிவகாசி தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நாடார் மக்கள் ஆலயத்துள் சென்று வழிபடும் உரிமை கோரியதே பூசலின் மூலம். வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. அதே காலத்தில் எழுந்த கமுதி ஆலய நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் உரிமை கோரியவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அங்கே கட்சி இல்லை, தேர்தல் இல்லை. பிறப்பு ஒன்றே எல்லைக்கோடு. கருத்தை மாற்றிக்கொள்பவன் ஒரு கோட்டைக் கடந்து மறுபுறம் செல்லலாம். பிறப்பு வகுத்த கோட்டைக் கடக்க வழியே இல்லை. பகைமையின் முதல் இலக்கணம் இதுவே.

அடுத்த தலைமுறையில் அதே வட்டாரத்தில் வேறொரு வகைக் கோடு தோன்றியது. காமராசரைத் தேசிய இயக்கத்துக்கு அளித்த விருதுநகரிலேதான் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாம் மாகாண மாநாடு 1931-இல் கூடிற்று. கதர் அணிந்தோரும் கருத்தால் அவரை எதிர்த்தோரும் ஒரே ஊரார். இக்கோடு கடக்கக்கூடியது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது, காங்கிரசின் கடும் எதிரியான பெரியார் அவரை ஆதரித்தார்; திராவிட முன்னேற்றக் கழகமும் ஆதரவு தந்தது. நேற்றைய எதிரிக்கு இன்று துணை நிற்பது அரசியலில் இழிவன்று; எதிர்ப்பு பகையாக உறையவில்லை என்பதற்கு அதுவே சான்று.

1956-இல் இந்த நாகரிகம் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. காந்திய நெறி நின்ற சங்கரலிங்கனார், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுதல் முதலிய பன்னிரு கோரிக்கைகளை முன்வைத்து, ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். அண்ணா உள்ளிட்ட தலைவர்கள் நேரில் கண்டு நோன்பைக் கைவிட வேண்டினர். ஆட்சியோ கோரிக்கைக்கு இசையவில்லை. 76 நாள்கள் உண்ணாதிருந்த அம்முதியவர், அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர் நீத்தார். முதலமைச்சரின் சொந்த ஊரில், முதலமைச்சரின் நெறியையே பின்பற்றிய ஒருவர், முதலமைச்சரின் ஆட்சியிடம் வேண்டி மாண்டார்.

அதே 1956-இல், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் மொழியே வினாவாயிற்று. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்ட முன்வடிவு ஜூன் 5 அன்று நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கொழும்பு காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்தனர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெயவர்த்தனா அதனை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதத்தில் நாடெங்கும் கலவரம் மூண்டது. மறு ஆண்டு பண்டாரநாயக்காவே ஒரு புத்த பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார். இரு பெருங்கட்சிகளும் ஒரே இனத்தின் வாக்குக்குப் போட்டியிட்டன. எவர் விட்டுக்கொடுத்தாலும் மற்றவர் அதனைத் துரோகம் என்றனர்.

தமிழகத்தில் பெயர் வினா வேறு வழியில் சென்றது. 1963-இல், வங்காளத்தைச் சேர்ந்த பொதுவுடைமைத் தலைவர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர் மாற்ற முன்வடிவை ஆதரித்து, மாநிலங்களவையில் அண்ணா பழந்தமிழ் இலக்கியங்களைச் சான்று காட்டிப் பேசினார். முன்வடிவு தோற்றது. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரே, மாணவர் தலைவராக விளங்கிய பெ. சீனிவாசனிடம் 1285 வாக்குகளில் தோற்றார். ஆட்சி மாறியது, ஆயினும் அதனை ஒட்டி எவர் வீடும் எரியவில்லை. அவ்வாண்டு ஜூலை 18 அன்று பெயர் மாற்றத் தீர்மானம் பேரவையில் ஒருமனதாக நிறைவேறியது; எதிர்வரிசையில் இருந்த காங்கிரசாரும் இசைந்தனர். 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. 1975-இல் காமராசர் மறைந்தபோது, அவரை எதிர்த்து ஆட்சிக்கு வந்த கட்சியின் அரசே அவருக்கு அரசு மரியாதை செய்தது.

இதனைத் தமிழரின் தனிப்பண்பு என்று பெருமை பேசுவதற்கில்லை. அன்று விருதுநகரை உள்ளடக்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்திலேயே, 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர்ப் பகுதி கலவரத்தில் மூழ்கியது. கீழத்தூவலில் காவல்துறையின் துப்பாக்கியால் ஐவர் மாண்டனர். ஒரே மாவட்டம், ஒரே மொழி, ஒரே ஆட்சி. ஆயினும் விளைவு வேறு. அங்கே தேர்தல் பிளவு சாதிப் பிளவின்மேல் ஏறி அமர்ந்தது. விருதுநகரிலோ கட்சிக்கோடு பிறப்புக்கோட்டை ஊடறுத்துச் சென்றது.

இவ்வேறுபாடே உலகெங்கும் காணக்கிடக்கிறது. வட அயர்லாந்தில் சமயப் பிளவும் கட்சிப் பிளவும் ஒன்றாயின. 1921 முதல் 1972 வரை ஒரே கட்சி அங்கு ஆண்டது. சிறுபான்மையோர் வாக்கால் ஆட்சியை மாற்ற இயலவில்லை. பின்னர் மூண்ட முப்பதாண்டுப் பூசலில் 3500-க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, 1998-இல் ஆட்சியைப் பகிரும் உடன்படிக்கை பிறந்தது. தோற்றவன் மறுமுறை வெல்லலாம் என்னும் நம்பிக்கை உள்ள இடத்தில் வாக்குச்சீட்டு போதுமானதாகிறது. அந்நம்பிக்கை அற்ற இடத்தில் கை ஓங்குகிறது.

பட்டாசுத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு: மருந்து கையாளும் அறைகள் ஒன்றையொன்று ஒட்டியிருத்தல் கூடாது, ஓரறையில் பற்றிய தீ மற்றொன்றைப் பற்றாதிருக்க இடைவெளி வேண்டும். சமுதாயத்தின் பிளவுகளுக்கும் அத்தகைய இடைவெளி வேண்டும். சாதியையும் சமயத்தையும் கட்சியையும் ஒரே கூரையின்கீழ்க் குவிப்போர், மேடைச் சொல்லாலும் பாட்டாலும் அதனைச் செய்யினும், விளைவை அறிந்தே செய்கின்றனர்.

ஆயினும் கை ஓங்காமை மட்டுமே பொறுமையாகிவிடாது. செவி மூடுதலும் சகிப்பின்மையே. 1967-இல் அனைவரும் ஒருமனதாக ஏற்றதை 1956-இல் ஏற்கத் தடையாக நின்றது எது? விருதுநகரில் இன்று சங்கரலிங்கனாருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கேட்டது மண்டபமன்று, ஒரு பெயர். அது கிடைத்தபோது அவர் மாண்டு பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.