கேப்பையில் நெய் வடியுமா?

"கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா, கேக்குறவனுக்கு மதி எங்கடா போச்சு?"

எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும் வசனம் இது. சீட்டுக் கம்பெனிக்காரன் எவனாவது இருபது பர்சன்ட் வட்டி தர்றேன்னு வாசலில் வந்து நின்றால் இதுதான் பதில். பேங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கும் ரொம்பவே உதவிய பழமொழி. ஆனால் நாற்பத்தாறு வயதில், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, அதே கேப்பை விஷயத்தில் நானே ஏமாந்தேன் என்பதுதான் இன்றைய கதை. கூடவே கொஞ்சம் சரித்திரமும் வரும். பயப்படாதீங்க, பரீட்சை எல்லாம் கிடையாது :-)

போன வருஷம் ஆபீசில் மெடிக்கல் செக்கப். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 86 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். பிபி 150க்கு 96. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3. "சுகர் இன்னும் உள்ளே வரலை சார், ஆனா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்கு" என்றார் டாக்டர் அம்மா.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். கடன் தவணை தவறி 90 நாள் தாண்டினால் அது என்பிஏ, வாராக்கடன். ஆனால் அதற்கு முன்னாலேயே, தவணை தள்ளிப்போக ஆரம்பித்த உடனே, எஸ்எம்ஏ என்று ஒரு பட்டியலில் அந்தக் கணக்கு ஏறிவிடும். கண் வைத்திருக்க வேண்டிய கணக்கு என்று அர்த்தம். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பவன் எஸ்எம்ஏ. 6.5ஐத் தொட்டால் என்பிஏ. எத்தனையோ பேரை அந்தப் பட்டியலில் ஏற்றியவன் நான். அன்றைக்கு நானே ஏறினேன்.

எங்க அப்பாவுக்கும் சர்க்கரைதான். 61 வயதில் கால் கட்டை விரலை எடுத்தார்கள். 67ல் போய்விட்டார். எனக்கு வீட்டுக் கடன் 60 வயது வரை ஓடுகிறது. பையன் இப்போதுதான் பியூசி முதல் வருஷம். ரிப்போர்ட்டைப் பார்த்த தங்கமணி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் பக்கத்து சீட் கன்னட நண்பரிடம் புலம்பியபோது வழி சொன்னார். "ராகி முத்தே தின்னி சார், எல்லாம் சரியாகும்." நம்ம கேப்பைக் களியைத்தான் இங்கே முத்தே என்கிறார்கள். உருட்டி வைத்த களி, கூடவே கீரைச் சாறு. மெல்லக்கூடாது, கிள்ளி சாற்றில் தோய்த்து அப்படியே முழுங்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். வானம் பார்த்த பூமி. அப்பத்தா காலத்தில் வீட்டில் கேப்பையும் சோளமும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். அப்பா படித்து அரசாங்க வேலைக்குப் போன பிறகு வீட்டில் ஒரு சட்டம் போட்டார். இனி களி கிண்டக்கூடாது. "மூணு வேளையும் அரிசிச் சோறு திங்கத்தான் நான் படிச்சேன்" என்பார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். களி அவருக்கு வறுமையின் வாசனை. அரிசி என்பது ஜெயித்ததற்கான சர்டிபிகேட்.

அரிசி உசத்தி, ராகி மட்டம் என்கிற இந்தச் சண்டை புதுசு இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் கனகதாசர் கன்னடத்தில் ஒரு முழுக் காவியமே இதை வைத்து எழுதியிருக்கிறார். பெயர் ராமதான்ய சரித்திரம். ராமர் சபையில் அரிசிக்கும் ராகிக்கும் யார் பெரியவர் என்று தகராறு. அரிசி, நீ ஏழைகளின் தானியம் என்று ராகியை இளக்காரம் பேசுகிறது. ஆமாம், ஏழையைக் கைவிடாதவன் நான்தான் என்கிறது ராகி. ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கச் சொல்கிறார். திறந்து பார்த்தால் அரிசி கெட்டுப் போயிருக்கிறது, ராகி அப்படியே இருக்கிறது. ராகவன் தன் பெயரையே அதற்குக் கொடுத்தான், அதுதான் ராகி ஆனது என்று முடிகிறது கதை. பெயர்க் காரணம் கவிஞரின் கற்பனை. ஆனால் சிறைக் காட்சி விவசாயிக்குத் தெரிந்த உண்மை. ராகியை அவ்வளவு சீக்கிரம் பூச்சி அரிக்காது. மைசூர் சீமையில் தரையில் குழி தோண்டி அதில் கொட்டி மூடி வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். மழை பொய்த்தால் அந்தக் குழிதான் அவர்களுக்கு பேங்க் லாக்கர்.

1799ல் திப்பு விழுந்த பிறகு, புதிதாகப் பிடித்த சீமையில் என்னென்ன விளைகிறது என்று கணக்கெடுக்க கம்பெனிக்காரர்கள் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை அனுப்பினார்கள். 1800ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர் வழியாகப் போன அவர், இங்கே புன்செய் நிலங்களின் முக்கியப் பயிர் ராகி என்று எழுதி வைத்தார். பெங்களூரைச் சுற்றியிருந்த உழவர்களும் கூலிகளும் சாப்பிட்டது இதைத்தான்.

அடுத்து, மண்டியாவில் விசி பண்ணையில் வேலை பார்த்த லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி. ராகிப் பூ மிகச் சிறியது. தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் வகை. ஒட்டுக் கட்டுவது பெரும்பாடு. அவர் விடாமல் உழைத்து நம்ம ஊர் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து இண்டாஃப் வரிசை ரகங்களைக் கொண்டுவந்தார். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டும் சேர்ந்த பெயர். விளைச்சல் நன்றாகக் கூடியது. கர்நாடகத்தில் அவருக்கு ராகி லட்சுமணய்யா என்றே பெயர். ராகியின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், பல ஆயிரம் வருஷம் பிரிந்திருந்த பங்காளிகளை மறுபடி சேர்த்து வைத்தவர் அவர் என்று சொல்லலாம். நம்மை மாதிரி புலம் பெயர்ந்த தானியம் அது!

ஆனால் விளைச்சலைக் கூட்டியவரால் மதிப்பைக் கூட்ட முடியவில்லை. அதே காலத்தில்தான் அரிசி ஜெயித்துக்கொண்டிருந்தது. 1966ல் ஐஆர்8 நெல் வந்தது. 1967ல் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு. 2011ல் ரேஷனில் இலவச அரிசி. கர்நாடகத்தில் 2013ல் அன்னபாக்கியா. பசித்த வயிற்றுக்குச் சோறு கிடைத்ததை நான் குறையே சொல்ல மாட்டேன், எங்க அப்பத்தாவே என்னை அடிக்க வரும். ஆனால் அறுபதுகளில் இருந்ததோடு ஒப்பிட்டால் நாட்டில் ராகி விளையும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா போட்ட சட்டம்தான் ஊர் முழுக்க அமலானது.

பிறகு சக்கரம் திரும்பியது. இந்தியா கேட்டுக்கொண்டபடி ஐநா சபை 2023ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சூப்பர் மார்க்கெட்டில் ராகி பிஸ்கட், ராகி சேமியா, ராகி லட்டு. களியைத் தொடக்கூடாது என்று வளர்ந்த நான் எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தேன். காலையில் வெல்லம் போட்ட ராகி கஞ்சி, மத்தியானம் ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் இரண்டு முத்தே, நாலு மணிக்கு ராகி பிஸ்கட், ராத்திரி ராகி தோசை நாலு. அரிசியையே தொடவில்லை. சரித்திரமும் என் பக்கம், ராமரும் என் பக்கம்.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட். எடை 87. ஹெச்பிஏ1சி 6.4.

நெய் வடியவில்லை. அப்பத்தா எங்கிருந்தோ சிரித்த மாதிரி இருந்தது.

டயட்டீஷியன் ஒருவரிடம் போனேன். சின்னப் பெண், என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். என் சாப்பாட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டது. "அங்கிள், உங்க தாத்தா களி சாப்பிட்டுட்டு என்ன பண்ணுவார்?"

என்ன பண்ணுவார்? ஏர் பிடித்தார். கமலை இறைத்தார். சந்தைக்கு நடந்தே போனார். இந்த ஊரிலும் ஒரு பழமொழி உண்டு, ராகி மாவு தின்றவன் மலையையே பெயர்ப்பான் என்று. நான் பாதிப் பழமொழியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாவைத் தின்றேன், மலையை யார் பெயர்ப்பது? சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வவுச்சரில் கையெழுத்துப் போடுபவனுக்கு எதற்கு இரண்டு முத்தே?

அந்தப் பெண் கணக்குப் போட்டுக் காட்டியது. நூறு கிராம் அரிசியில் 350 கலோரி என்றால், ராகியில் 320ஐ ஒட்டி. பெரிய வித்தியாசம் இல்லை. ராகியிலும் மூன்றில் இரண்டு பங்கு மாச்சத்துதான். நல்லது எங்கே என்றால், நார்ச்சத்து ராகியில் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து ராகியில் 350 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் பத்துக்கும் கீழே. அதனால் ராகி நல்லதுதான், அளவோடு. வெல்லம் போட்ட கஞ்சியும், அட்டையில் ராகி படம் போட்டு உள்ளே மைதா வைத்த பிஸ்கட்டும் எந்தச் சரித்திரத்திலும் சேராது.

நம்ம உடம்புவாகு வேறு. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ 2004ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கான எடை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், பிஎம்ஐ 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! அதனால்தான் நம்மூரில் பிஎம்ஐ 23 தாண்டினாலே எச்சரிக்கை, ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் ஆபத்து என்று அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். "நான் ஒல்லிதான், எனக்கென்ன" என்று நினைப்பவர்கள் ஒரு தடவை டேப்பை எடுத்துப் பாருங்கள்.

எனக்குத் தைரியம் கொடுத்தது சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006ல் வெளியிட்ட ஆராய்ச்சி. என்னை மாதிரி வாசலில் நிற்கும் 531 பேர். 35 முதல் 55 வயதுக்குள், பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகக் குடும்பங்கள். சராசரி வயது 46. அட, நானே! ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் அரை மணி நடை, சர்க்கரையும் தீட்டிய மாவும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம் என்று இருந்தவர்களில் 39 சதவீதம். மாத்திரை கொடுத்த குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். இதில் முக்கியமான விஷயம், நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷின் முள் நகராவிட்டாலும் உள்ளே கணக்கு நேராகிக்கொண்டிருந்தது. எடை குறைந்தால் இன்னும் நல்லது என்று அமெரிக்க, பின்லாந்து ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் முள் நகரவில்லை என்று இரண்டாவது வாரமே நடையை விட்டுவிடுகிறோமே, அது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது நிலவரம். மத்தியானம் ஒரே ஒரு முத்தே, சின்னது. தட்டில் பாதி காய், கீரை. கூடவே அவரைக்கொட்டையோ கொள்ளோ. பசித்து வந்த ராஜாவுக்கு ஒரு பாட்டி வெந்த பயறு கொடுத்ததால்தான் இந்த ஊருக்கு பெந்த காளூரு என்று பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். ராஜாவுக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே பேகூர் கல்வெட்டில் பெங்களூரு இருக்கிறது, அதனால் அது கட்டுக்கதை. ஆனாலும் சாப்பாட்டு யோசனை நல்லது. ராத்திரி தோசை இரண்டோடு நிறுத்தம். காலையில் லால்பாக்கில் நாற்பது நிமிஷ நடை, முடித்ததும் கேட் வாசலில் மசால் வடை சாப்பிடும் கோஷ்டியோடு சேருவதில்லை. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

பத்து மாதத்தில் எடை 81. இடுப்பு 94. ஹெச்பிஏ1சி 5.9. பிபி மாத்திரை தொடர்கிறது. இன்னும் எஸ்எம்ஏ பட்டியலில்தான் இருக்கிறேன், ஆனால் தவணை ஒழுங்காகக் கட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அம்மா போன். "என்னய்யா சாப்பிட்ட?" என்றது. "கேப்பைக் களிம்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உங்கப்பா இருந்தா வைவாருய்யா" என்று சொல்லிவிட்டு, "அவருக்கும் அப்பவே கிண்டிக் குடுத்திருக்கலாம்" என்றது.

களி மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காதும்மா, கூட நடந்திருக்கவும் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு, நாளைக்குக் காலையில் நீயும் லால்பாக் வர்றியா என்று கேட்டேன். அவனுக்கு என்ன தோன்றியதோ, சரி என்றான்.

டிஸ்கி: நான் பி.காம். படித்தவன், எம்பிபிஎஸ் இல்லை. மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ உங்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த வாரமே ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எஸ்எம்ஏவிலேயே பிடித்துவிட்டால் வசூல் சுலபம்.