நேரில் கண்டு சொன்னவர்: ரிச்சர்ட் டிம்பிள்பி

வானொலிச் செய்தி என்றால், முகமைகள் அனுப்பும் குறிப்பை நிலையத்தில் அமர்ந்து வாசிப்பது என்றிருந்த காலம். நிகழ்விடத்துக்கே செய்தியாளரை அனுப்ப வேண்டும், நேரில் கண்டவர்களின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று 1936-இல் பிபிசிக்குக் கடிதம் எழுதினார் ரிச்சர்ட் டிம்பிள்பி. அப்போது அவருக்கு வயது 23. ரிச்மண்டில் தம் குடும்பத்தாரின் உள்ளூர்ப் பத்திரிகையில் தொழில் பழகியவர். அதே ஆண்டில் பிபிசி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. நவம்பர் 30 இரவு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் தீக்கிரையானபோது, அங்கிருந்தே தொலைபேசி வழியாகச் செய்தி சொல்லித் தம் கருத்தை மெய்ப்பித்தார்.

1939-இல் பிபிசியின் முதல் போர்ச் செய்தியாளரானார். 1943 ஜனவரியில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் பெர்லின் வானம்வரை பறந்து திரும்பி, கண்டதைக் கூறினார்.

அவர் வாழ்வின் பெருஞ்சோதனை 1945 ஏப்ரலில் வந்தது. நாஜிகளிடமிருந்து விடுவிக்கப்பட்ட பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்த முதல் ஒலிபரப்பாளர் அவரே. புதைக்க ஆளின்றிக் கிடந்த பிணங்களிடையே உயிர் ஊசலாடியவர்களும் கிடந்தனர். கைக்குழந்தைக்குப் பால் கேட்டு ஒரு பிரிட்டிஷ் காவல் வீரரின் காலில் விழுந்தாள் ஒரு தாய். குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டுப் பால் தேடி ஓடினாள். கந்தலை விலக்கிப் பார்த்தால், குழந்தை இறந்து சில நாட்களாகியிருந்தன. இதையும் டிம்பிள்பி தம் அறிக்கையில் சொன்னார். லண்டனிலிருந்த பிபிசி நம்பத் தயங்கியது, ஒலிபரப்பைத் தள்ளிப்போட்டது. இதை வெளியிடாவிட்டால் இனி ஒலிவாங்கி முன் அமர மாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். ஏப்ரல் 19 அன்று நாடு அதைக் கேட்டது.

1953 ஜூன் 2, எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திலிருந்து டிம்பிள்பி அளித்த வருணனையுடன் அதைப் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் கண்டனர். சடங்குகளையும் அவற்றின் வரலாற்றையும் முன்னரே கசடறக் கற்றிருந்ததால், பேச வேண்டிய இடமும் மௌனம் காக்க வேண்டிய இடமும் அவருக்குத் தெரிந்திருந்தன. 1955 முதல் பிபிசி தொலைக்காட்சியின் 'பனோரமா' என்னும் நடப்பு நிகழ்வுகள் நிகழ்ச்சியையும் அவர் வழங்கினார்.

1965 ஜனவரியில் முன்னாள் பிரதமர் சர்ச்சிலின் இறுதி ஊர்வலத்தை வருணித்தபோது, டிம்பிள்பியின் உடலிலேயே புற்றுநோய் இருந்தது. அந்நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய நாளில், தமக்கு வந்திருப்பதைப் பகிரங்கமாக அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று, 52 வயதில் மறைந்தார். கேட்போர் உண்மையைத் தாங்குவார்கள் என்னும் நம்பிக்கையே அவருடைய இதழியல் அறம். பெல்சனைப் பற்றிப் பேசியபோதும் தம் நோயைப் பற்றிப் பேசியபோதும் அந்த அறத்திலிருந்து அவர் வழுவவில்லை. இத்தொழிலுக்கு வரும் ஒவ்வோர் இளைஞரும் அவரிடம் கற்க வேண்டியது இதுவே.