தண்டோரா நின்ற பிறகு

எங்க தாத்தா சாவு சேதி சொல்லப் போவார். ஊர்த்தெருவில் ஒரு உயிர் போனதும் சேரிக்கு ஆள் வந்துவிடும். ராத்திரியா, மழையா என்கிற பேச்சே கிடையாது. செத்தவருக்கு எந்தெந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறார்கள், எங்கே எடுத்திருக்கிறார்கள், பங்காளிகள் யார் யார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எட்டு மைல், பத்து மைல் நடந்து போய் வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரு படி கேழ்வரகைத் துண்டில் கொட்டுவார்கள். கை படாமல் கொட்டுவார்கள். அத்தனை குடும்பத்து உறவுமுறையையும் மண்டையில் வைத்திருந்த மனுசனை அந்த வீட்டுச் சின்னப் பையன்கள்கூட 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இன்றைக்கு அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. படத்துக்கு மாலை போட்டு, அடக்கம் இத்தனை மணிக்கு என்று ஒரு சேதி. அரை நிமிசத்தில் துபாய் வரைக்கும் போய்விடுகிறது. செல்போனால் தகவல் தொடர்பு மாறிப்போச்சு, வியாபாரம் மாறிப்போச்சு என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் அதையெல்லாம் யாருடைய காலும் தொண்டையும் சுமந்தது என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எம்.ஏ. வகுப்பில் மணிமேகலை பாடம். இந்திர விழாவை அறிவிக்க வச்சிரக்கோட்டத்து முரசை யானைப் பிடரியில் ஏற்றுகிறார்கள். முரசறைகிறவனைத் தொன்மையான குடியில் பிறந்தவன் என்று காப்பியம் மரியாதையாகச் சொல்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு ஆகியவற்றோடு பறையையும் கருப்பொருளாக வைக்கிறது. 'யானைமேல் இருந்தவனை எப்ப சார் கீழே இறக்கினாங்க, யார் இறக்கினாங்க?' என்று கேட்டேன். 'அது பாடத்திட்டத்துல இல்லப்பா' என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. எனக்குத் தாத்தாவின் துண்டு ஞாபகம் வந்தது.

வெள்ளைக்காரன் காலத்திலும் வரி கட்டச் சொல்லி, ஏலத்துக்கு வரச் சொல்லித் தமுக்கடித்தவன் வெட்டியான்தான். வியாபாரமும் இதே தோளில்தான் ஏறியது. டூரிங் டாக்கீசுக்குப் புதுப்படம் வந்தால் மாட்டுவண்டியின் ரெண்டு பக்கமும் தட்டி கட்டி, முன்னால் மேளம் அடித்து, நோட்டீசை வீசிக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் புழுதியில் பின்னாலேயே ஓடும். எங்க தாத்தாவும் வண்டிக்கு முன்னால் அடித்திருக்கிறார். கூலி, ஒரு தரை டிக்கெட்.

மற்றவன் சேதியைக் கூலிக்குச் சொன்ன கூட்டத்திலிருந்து தன் சேதியைச் சொல்லவும் ஆட்கள் கிளம்பினார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். விலையையே பெயராக்கியவர் அவர். விளம்பர உத்தி பற்றி வகுப்பெடுக்கிற மேலாண்மை வாத்தியார்கள் அவரையும் கொஞ்சம் படிக்கலாம்.

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. அதை ஒட்டிச் சேரிக்குச் சேரி மன்றம் வைத்தார்கள். எங்க நைனா அந்தத் தலைமுறை. தாத்தா செத்ததும் பறையை எடுக்கச் சொல்லி ஊரிலிருந்து ஆள் வந்தது. நைனா முடியாது என்றார். ஆறு மாசம் எங்களுக்குக் கழனி வேலை இல்லை, கடையில் கடன் இல்லை. ஆயா அவரைத் திட்டிக்கொண்டே கூழ் ஊற்றியது. ஊர் கொஞ்ச நாள் சேதி போகாமல் தவித்தது. அப்புறம்தான் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினார்கள். மெஷின் வந்தது, பறை போச்சு என்று வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்க ஊரில் முதலில் நின்றது பறை. ஆட்டோ அதற்கப்புறம்தான் வந்தது.

2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இனித் தண்டோரா போட வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம், மீறினால் நடவடிக்கை என்பது சாரம். அறிவியல் வளர்ந்துவிட்ட காலத்தில் இது தேவையில்லை என்பது வாதம். நல்ல கடிதம்தான், வரவேற்றேன். ஆனால் அறிவியல் வளராமல் போயிருந்தால் நாங்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? மாட்டேன் என்று சொல்லிப் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்த வாதத்தில் இடமில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து, மாசக்கணக்கில் ஓசியில் நெட் கொடுத்தது. சேரியிலும் ஊரிலும் ஒரே நேரத்தில் போன் வந்தது. வந்த வேகத்தில் குரூப்பும் ரெண்டாகப் பிரிந்தது. ஊர் குரூப்பில் நாங்கள் இல்லை. நாங்கள் எங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டோம். 2023 அக்டோபர் 2, கிராமசபை. தேதி எல்லாருக்கும் தெரியும். எந்த இடம், எத்தனை மணி என்பதை முந்தின ராத்திரி ஊர் குரூப்பில் போட்டுவிட்டு முடித்துக்கொண்டார்கள். ஆட்டோவும் சுற்றவில்லை. எங்க சுடுகாட்டுப் பாதைக்குத் தீர்மானம் கேட்க மனு எழுதி வைத்திருந்தோம். நாங்கள் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கையெழுத்து நோட்டை மூடிவிட்டார்கள். 'உங்க தாத்தன் தண்டோரா போட்ட காலத்துல சேதி மொதல்ல நம்ம தெருவுக்குத்தான் தெரியும்' என்றது எங்க அத்தை. அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சாதி இந்தக் கருவியை நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொண்டது. 2015இல் கோகுல்ராஜைக் கொன்ற வழக்கில் முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பினார். அது போனுக்குப் போன் பரவியது. ஆயுள் தண்டனை வர 2022 மார்ச் ஆனது. நம் பக்கத்திலும் சும்மா இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்த கிராமத்துச் சேதிகள் கேமராவோடு வெளியே வருகின்றன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வியாபாரத்துக்கு வருகிறேன். என் சின்னம்மா மகள் முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறாள். காலனிக் கைப் பலகாரத்தை எங்க ஊரில் யாரும் காசு கொடுத்து வாங்கினது கிடையாது. ஸ்டேட்டசில் படம் போட்டாள். படத்தில் முறுக்குதான் தெரியும், சுட்ட கை தெரியாது. டவுனிலிருந்து ஆர்டர் வந்தது. ரெண்டு வருசத்தில் மாவு அரைக்கச் சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டாள். போன தீபாவளிக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரர், தலைத்தீபாவளிச் சீருக்கு இருபது கிலோ சொல்லி முன்பணமும் ஜிபேயில் போட்டார். தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி லொகேஷன் கேட்டார். அனுப்பினாள். கார் அம்பேத்கர் நகர் பெயர்ப்பலகை வரைக்கும் வந்து நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சேதி வந்தது: 'வேண்டாம்மா, அட்வான்சை நீயே வச்சுக்கோ.' அதற்குக் கீழே ஒரு கும்பிடுகிற பொம்மை.

எனக்கு ஆத்திரம். 'இனிமே பாக்கெட் மேல அம்பேத்கர் நகர்னு பெருசா அச்சடி, ஸ்டேட்டசுலயும் போடு, வாங்குறவன் வாங்கட்டும்' என்றேன். அவள் இருபது கிலோவையும் கால் கிலோ பொட்டலங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

'நீ கட்டுரை எழுதுவண்ணா. இத நான் ஞாயித்துக்கெழமைக்குள்ள விக்கணும்' என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். சுவரில் இருந்த அம்பேத்கர் படம் சட்டத்துக்குள் விழுந்தது. கொஞ்சம் யோசித்தாள். தட்டை நகர்த்தவில்லை, அப்படியே எடுத்தாள்.