வீட்டைக் காட்டுவதும் மனையை மறைப்பதும்

சாத்தாங்காடு என்றால் இன்றைக்கு இரும்பு மார்க்கெட்தான். தகடும் கம்பியும் ஏற்றிய லாரிகள். இங்கே வளரும் பிள்ளை ஒரு விவசாயி வீட்டை 'வரலாறாக'ப் பார்க்க வேண்டுமென்றால் நகரத்தின் மறுகோடியையும் தாண்டி முட்டுக்காட்டுக்குப் போக வேண்டும். 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தஞ்சைப் பகுதி விவசாயி வீடு ஒன்று இருக்கிறது.

இத்தகைய வீடுகளில் சம்பளமில்லாமல் வழிகாட்டியாக நிற்க முன்வருபவர்கள் உலகெங்கும் உண்டு. நல்ல வேலைதான், கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. கேள்வி இதுதான்: அவர்கள் எதைக் காட்டுகிறார்கள்? திண்ணை, முற்றம், குதிர், ஏர், மரக்கால். 'அந்தக் காலத்துல எவ்ளோ குளுமையா கட்டியிருக்காங்க பாரு' என்றபடி பார்வையாளர் வெளியேறுகிறார். வீடு ஒரு பிரதி என்றால் வழிகாட்டி அதை வாசித்துக் காட்டுபவர். குதிரில் நெல் நிரப்பியவர் எங்கே படுத்துத் தூங்கினார் என்பது அந்த வாசிப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கிராமத்து வீடுகளைப் பெயர்த்துவந்து திறந்தவெளியில் காட்சிக்கு வைக்கும் முறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது ஸ்டாக்ஹோமின் 'ஸ்கான்ஸென்'. ஆர்தர் ஹாஸேலியுஸ் அதை 1891இல் திறந்தார். அதே 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சாத்தாங்காடும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரை எதிர்த்தால் மனையை விட்டே துரத்தப்படலாம் என்பதை அது பதிவு செய்தது. 1892இன் பஞ்சமி நில அரசாணைக்கு வழிவகுத்தது இந்த அறிக்கை. ஓரிடத்தில் விவசாயி வீடு காட்சிப்பொருளாகிறது. இன்னோரிடத்தில் உழைப்பவனுக்கு வீடு நிற்க மண்ணே இல்லை.

தஞ்சையிலும் கதை வேறல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். விவசாயக் கூலிகள் தாம் குடியிருந்த மனைக்கு உரிமை கோர 1971இன் குடியிருப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஓலையும் மண்ணுமான குடிசையைத் தேக்குத் தூணைப்போலப் பிரித்து, எண் போட்டு எடுத்துவர முடியாது. எது பாதுகாக்கப்படும் என்பதை மரத்தின் உறுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. பட்டாவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஆகவே அந்தக் குடிசைக்கு மிச்சமிருக்கும் இடம் வழிகாட்டியின் பேச்சுதான். அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி தோட்டப் பண்ணை 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, முதலாளியின் மாளிகையை விட்டுவிட்டு அடிமைகளின் வாழ்வையே மையமாக வைத்தார்கள். முடியாத காரியமில்லை.

நம்மில் வாரத்தில் ஒருநாள் இப்படிப் போய் நிற்கக்கூடியவர்கள் உண்டு. போகலாம், போக வேண்டும். 'நெல்லு இங்கதான் கொட்டுவாங்க' என்று சொல்லும்போது அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிடுங்கள்: 'அறுத்தவங்க குடிசை அடுத்தவன் மண்ணுல இருந்துச்சு. போன்னா போயிடணும்.' சாத்தாங்காட்டுப் பிள்ளைக்கு இது உடனே புரியும். 'காலி பண்ணு' என்பது அவள் கேட்டறியாத சொல் அல்ல.