இரண்டாவது குடுவை

அறிவியல் முறை என்றால் என்ன என்று ஒரு மாணவனைக் கேட்டால், உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று நான்கு சொற்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். தேர்வுத் தாளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இச்சொற்களை மனித இனம் ஒரே நாளில் கண்டெடுக்கவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் நெடுநாளைய வழக்கும், மறுப்பும், பொறுமையும் உண்டு. அந்த வரலாற்றை மறைத்துவிட்டுச் சொற்களை மட்டும் கற்பிப்பது, நெல்லை விட்டுவிட்டு உமியை அளந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

புழு எங்கிருந்து பிறக்கிறது என்பது ஓர் எளிய கேள்வி. அதற்கு விடை காண ஐரோப்பாவில் 200 ஆண்டுகள் பிடித்தன. ஒரு மருத்துவர், இரு குருக்கள், ஒரு வேதியியலார் என்று பலர் அதில் ஈடுபட்டனர். மாணவரை அறிவியல் முறைக்கு அழைத்துச் செல்ல இதைவிட நல்ல வழி ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

கண்ணால் கண்ட பொய்

அழுகும் இறைச்சியில் புழு தானே தோன்றுகிறது என்று அரிஸ்டாட்டிலின் காலந்தொட்டுக் கற்றோர் நம்பினர். சேற்றில் விலாங்கு மீனும், அழுக்கில் பேனும் தாமாகவே உண்டாகும் என்றனர். புனித அகுஸ்தினாரும் புனித தோமா அக்குவினாரும் இதைத் தம் காலத்து இயற்கை அறிவாக ஏற்றே எழுதினர். இதை மூடநம்பிக்கை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இறைச்சியை வைத்தார்கள், புழுவைக் கண்டார்கள். மூடிவைத்த அரிசிப் பானையில் வண்டு நெளிவதைக் கண்டு, அரிசியே வண்டாயிற்று என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா?

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட், ஒரு பானையில் கோதுமையையும் அழுக்குச் சட்டையையும் இட்டு வைத்தால் 21 நாளில் எலிகள் பிறக்கும் என்று எழுதினார். அவர் அறிவிலி அல்லர். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி, மரத்தையும் மண்ணையும் நிறுத்துப் பார்த்தவரும் அவரே. மரம் 160 பவுண்டுக்கு மேல் எடை கூடியிருந்தது. மண்ணிலோ சில அவுன்சுகளே குறைந்திருந்தன. மரத்தின் செய்தியில் அளந்து பார்த்தவர், எலியின் செய்தியில் அளக்கவில்லை. எலி வெளியிலிருந்து வந்திருக்கக் கூடுமோ என்ற ஒரு கேள்வி அவருக்கு எழவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

கவிஞரின் குடுவைகள்

இத்தாலி நாட்டின் அரெட்சோ நகரில் 1626இல் பிறந்தவர் பிரான்செஸ்கோ ரெடி. இயேசு சபையாரிடம் பயின்று, பீசாவில் மருத்துவம் கற்று, டஸ்கனியை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் மருத்துவரானார். 'டஸ்கனியில் பாக்கஸ்' என்னும் பாடலால் இலக்கிய உலகிலும் பெயர் பெற்றவர். இவர் 1668இல் பூச்சிகளின் பிறப்பைப் பற்றித் தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார்.

இறைச்சி புழுத்துப்போவதற்கு முன்னர் ஈக்கள் அதன்மேல் மொய்ப்பதையும், பின்னர் அப்புழுக்களிலிருந்து அதே வகை ஈக்கள் வெளிவருவதையும் ரெடி கவனித்தார். அப்படியானால் ஈயே புழுவின் தாயாக இருக்கலாம். இவ்வாறு எண்ணியதோடு அவர் நின்றுவிடவில்லை. அகன்ற வாயுள்ள நான்கு குடுவைகளில் ஒரு பாம்பு, சில மீன்கள், ஆர்னோ ஆற்று விலாங்குகள், ஒரு துண்டு கன்றிறைச்சி ஆகியவற்றை இட்டு வாயை நன்கு அடைத்தார். அதேபோல் வேறு நான்கு குடுவைகளை நிரப்பித் திறந்தே வைத்தார். திறந்தவற்றில் புழுக்கள் நிறைந்தன. அடைத்தவற்றில் இறைச்சி அழுகியது, புழு இல்லை.

இங்கே மாணவர் கவனிக்கவேண்டியது இந்த இரண்டாவது வரிசைக் குடுவைகளைத்தான். ஒரு குடுவை நமக்கு ஒரு நிகழ்ச்சியைக் காட்டும். அதன் காரணத்தைக் காட்டாது. ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்திருக்கும் இன்னொரு குடுவையை அருகில் வைக்கும்போதுதான் காரணம் வெளிப்படும்.

ஆயினும் ஒரு மறுப்புக்கு இடமிருந்தது. அடைத்த குடுவைக்குள் புதுக்காற்று செல்லவில்லையே, காற்றில்லாமையால்தான் புழு உண்டாகவில்லை என்று ஒருவர் சொல்லலாம் அல்லவா? ரெடி அம்மறுப்பைத் தாமே எழுப்பிக்கொண்டார். நேப்பிள்ஸ் நகரத்து மெல்லிய வலைத்துணியால் குடுவையின் வாயை மூடினார். காற்று உள்ளே சென்றது. ஈ செல்ல இயலவில்லை. இறைச்சியில் புழு தோன்றவில்லை; துணியின் மேலேயே ஈக்கள் சுற்றித் திரிந்தன. எதிரி கேட்கும் முன்னரே அவனுடைய கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்வதே அறிவியல் நேர்மையின் தொடக்கம்.

ரெடி மறைநூலுக்கு மாறுபடுகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கள் இருந்ததாக நீதித் தலைவர்கள் நூல் 14ஆம் அதிகாரம் கூறுகிறதே என்றனர். ஆனால் தேனீக்கள் அங்கே இருந்தன என்றுதான் அந்நூல் சொல்கிறது. பிணத்திலிருந்து பிறந்தன என்று சொல்லவில்லை. மறைநூலில் இல்லாததை அதன் பெயரால் சொன்னதே அங்கு நேர்ந்த பிழை.

இவ்வளவு கூர்மையான ரெடியும் ஓரிடத்தில் இடறினார். நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மாசிக்காயை நாம் அறிவோம். அது காய் அன்று; ஒருவகைக் கருவாலி மரத்தில் பூச்சியால் உண்டாகும் முடிச்சு. அத்தகைய முடிச்சுகளுக்குள் புழுவைக் கண்ட ரெடி, வெளியிலிருந்து அது புகுந்ததற்கு வழி காணாமல், மரத்தின் உயிராற்றலே புழுவை உண்டாக்குகிறது என்று எழுதிவிட்டார். சிறு பூச்சி ஒன்று இளந்தளிரில் முட்டையிடுவதே காரணம் என்று மல்பீகியும், அவருக்குப்பின் வல்லிஸ்நேரியும் காட்டினர். முறையைக் கண்டவருக்கும் முறை விலக்கு அளிப்பதில்லை.

இரு குருக்களின் வழக்கு

நுண்ணோக்காடி வந்தபின் வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. ஈயும் புழுவும் முட்டையிலிருந்து வரட்டும்; கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் கதை என்ன?

ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குருவான ஜான் டர்பர்வில் நீதம், 1747இல் லண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். கத்தோலிக்கக் குரு ஒருவர் அப்பெருமையைப் பெற்றது அதுவே முதன்முறை. அவர் சூடான ஆட்டிறைச்சிச் சாற்றைப் புட்டியில் ஊற்றி, தக்கையால் அடைத்து, சுடுசாம்பலில் வைத்துச் சூடேற்றினார். சில நாள்களில் சாற்றில் நுண்ணுயிர்கள் நிறைந்திருந்தன. பொருளுக்குள்ளேயே உயிரை உண்டாக்கும் ஆற்றல் உண்டென்று 1748இல் அவர் எழுதினார்.

இதை மறுத்தவரும் ஒரு குருவே. 1729இல் இத்தாலியின் ஸ்காண்டியானோவில் பிறந்த லாசரோ ஸ்பல்லன்சானி, பொலோஞாவில் லாரா பாஸி என்னும் பெண் பேராசிரியரிடம் இயற்பியல் கற்றவர். தக்கையின் வழியே காற்று புகும், சூடும் போதாது என்று அவர் ஐயுற்றார். குடுவையின் கண்ணாடிக் கழுத்தையே உருக்கி மூடி, ஏறத்தாழ ஒருமணி நேரம் கொதிக்கவைத்தார். உயிர் எதுவும் தோன்றவில்லை. இதை 1765இல் வெளியிட்டார்.

நீதம் விடவில்லை. இவ்வளவு கொதிக்கவைத்தால் சாற்றின் உயிராற்றல் அழிந்துவிடும், உள்ளிருக்கும் காற்றும் கெட்டுவிடும் என்றார். 1769இல் ஸ்பல்லன்சானியின் நூல் பிரெஞ்சு மொழியில் வந்தபோது, நீதமின் மறுப்புக் குறிப்புகளும் அதனுடன் அச்சாயின. வாதியும் எதிர்வாதியும் ஒரே அட்டைக்குள்! ஸ்பல்லன்சானி கருகும்வரை வறுத்த விதைகளிலிருந்து சாறு எடுத்துத் திறந்துவைத்தார், நுண்ணுயிர்கள் பெருகின. வெப்பம் உயிராற்றலை அழித்திருந்தால் இது எப்படி நிகழும் என்று 1776இல் கேட்டார்.

இதற்கிடையில் வால்டேர், நீதமை அயர்லாந்து இயேசு சபைக் குரு என்று எழுதி எள்ளிநகையாடினார். நீதம் அயர்லாந்துக்காரரும் அல்லர், இயேசு சபையினரும் அல்லர். ஏளனம் ஒருவரை வாய்மூடச் செய்யலாம். ஒரு கேள்வியை முடித்துவைக்காது. உண்மையில் காற்றைப் பற்றிய நீதமின் ஐயம் வெறும் பிடிவாதம் அன்று. கொதிக்கவைத்து அடைத்த உணவுப் புட்டிகளுக்குள் ஆக்சிஜன் இல்லை என்று கேலுசாக் 1810இல் கண்டபோது, அந்த ஐயம் மேலும் வலுப்பெற்றது.

வளைந்த கழுத்து

எனவே, காற்றைத் தடுக்காமலே காற்றில் மிதக்கும் தூசியைத் தடுக்கவேண்டும். இதைச் செய்தவர் லூயி பாஸ்டர். குடுவையின் கழுத்தைச் சூடாக்கி அன்னத்தின் கழுத்தைப்போல் வளைத்து நீட்டினார். உள்ளே சாற்றைக் கொதிக்கவைத்தார். கழுத்தின் முனை திறந்தே இருந்தது; காற்று தாராளமாகச் சென்றுவந்தது. தூசி மட்டும் வளைவில் படிந்தது. சாறு கெடவில்லை. குடுவையைச் சாய்த்துச் சாற்றை அந்த வளைவில் தொடவிட்டதும் சில நாள்களில் கெட்டது. ரெடியின் வலைத்துணி இங்கே கண்ணாடி வளைவாக மறுபிறப்பு எடுத்ததைக் காண்கிறோம்.

1860இல் அவர் மூடிய குடுவைகளை மலைகளுக்கும் எடுத்துச் சென்றார். ஜூரா மலையடிவாரத்தில் திறந்து மூடிய 20 குடுவைகளில் 8 கெட்டன. 850 மீட்டர் உயரத்தில் 20இல் 5. மோன்பிளாங் பனியாற்றின் அருகே ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் 20இல் ஒன்றே ஒன்று. தூசி குறையக் குறைய உயிரும் குறைந்தது.

பாஸ்டரை எதிர்த்த பூஷேயும் இரு நண்பர்களும் 1863இல் பிரனீஸ் மலையில் ஏறி அதே சோதனையைச் செய்தனர். அவர்களுடைய குடுவைகள் எல்லாம் கெட்டன! பிரெஞ்சு அறிவியல் கழகம் பாஸ்டர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் பூஷே பொய் சொல்லவில்லை. பாஸ்டர் பயன்படுத்தியது ஈஸ்ட் சாறு. பூஷே பயன்படுத்தியது வைக்கோல் சாறு. வைக்கோலில் வாழும் ஒரு நுண்ணுயிர், கொதிநீரிலும் சாகாத விதை போன்ற வடிவை எடுக்கவல்லது என்று 1876இல் பெர்டினாண்ட் கோன் கண்டறிந்தார். பூஷேயின் முடிவு தவறு. அவர் கண்டது உண்மை. இரண்டையும் பிரித்தறிய ஒரு புதிய அறிவே தேவைப்பட்டது.

வகுப்பறைக்கு வருவோம்

இவ்வரலாற்றை நாம் ஏன் மாணவருக்குச் சொல்லவேண்டும்? நம் பள்ளிகளின் செய்முறைப் பதிவேடுகளைப் புரட்டினால் விடை கிடைக்கும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும் ஒரே விடை. அதுவும் பாடநூல் சொன்ன விடை. சோதனை அவ்வாறு அமையாதபோதும், அமைந்ததாக எழுதினால்தான் மதிப்பெண். அறிவியலின் பெயராலேயே ஒரு பிள்ளை பொய் எழுதப் பழகுகிறது. இதைவிட வருந்தத்தக்கது வேறென்ன உண்டு?

ரெடியின் சோதனைக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மூன்று புட்டிகள், சிறு மீன் துண்டுகள், ஒரு துண்டு மெல்லிய துணி. ஒன்று திறந்திருக்கட்டும், ஒன்று துணியால் மூடப்பட்டிருக்கட்டும், ஒன்று இறுக அடைக்கப்பட்டிருக்கட்டும். வீட்டைவிட்டுத் தள்ளி நிழலில் வைத்து, தொட்டபின் கைகழுவச் சொன்னால் போதும். என்ன நிகழும் என்று தாம் நினைப்பதை முதல் நாளே மாணவர் எழுதிவைக்கட்டும். பின்பு நாள்தோறும் கண்டதை எழுதட்டும். துணி மூடிய புட்டியில் புழு தென்பட்டால் அதைக் கடிந்து அழிக்கச் செய்யாதீர். ஏன் வந்தது என்று கேளுங்கள். மூடுமுன்னரே ஈ உட்கார்ந்திருக்கலாம். துணிமேல் இட்ட முட்டை பொரித்துப் புழு உள்ளே விழுந்திருக்கலாம். அப்படியானால் அடுத்த சோதனையை எப்படி அமைப்பது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய மாணவன் அறிவியல் முறைக்குள் வந்துவிட்டான்.

மாம்பழக் காலத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. தோலில் துளையே இல்லாத பழத்தின் கொட்டைக்குள் வண்டு இருக்கும். ரெடி மாசிக்காயின் முன் நின்றதுபோலவே நம் பிள்ளைகளும் அதன்முன் வியந்து நிற்பர். பிஞ்சாக இருக்கும்போதே மேல்தோலில் முட்டையிடப்படுவதையும், புழு துளைத்த வழி காய் வளர வளர மூடிக்கொள்வதையும் உடனே சொல்லிவிடாமல் இருக்கும் பொறுமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வேண்டும்.

கேட்கப் பழகிய பிள்ளை நம்பிக்கையை இழந்துவிடுமோ என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. நீதமும் ஸ்பல்லன்சானியும் பலிபீடத்திலும் நின்றனர், குடுவையின் முன்னும் நின்றனர். உண்மையைத் தேடுவோர் உண்மையின் ஆண்டவருக்கு எதிராக நிற்பதில்லை. அஞ்சவேண்டியது கேள்விக்கு அன்று. காணாததைக் கண்டதாக எழுதும் கைக்கே. நம் பிள்ளைகளுக்கு விடைகளை நிறையக் கொடுத்துவிட்டோம். இனி இரண்டாவது குடுவையையும் கொடுப்போம்.